லித்தியம் 0.7-லிருந்து 1.1 ஆகிவிட்டது, டோஸ் மாறவே இல்லை. ஏன்?

கூழாங்கல்:

வணக்கம். தம்பிக்கு பைபோலார், முதல் வகை (மனம் அளவுக்கு மீறி மேலே ஏறும் மேனியாவும், கீழே இறங்கும் டிப்ரெஷனும் வந்துபோகும் நோய்). லித்தியம் காலை 300, இரவு 600 மி.கி. இரவில் கூடவே குவெட்டியாபின் (மேனியாவை அடக்கும் இன்னொரு மாத்திரை) 100. எட்டு மாதமாக இதில் மாற்றம் கிடையாது. போன இரண்டு ரத்தப் பரிசோதனையிலும் லித்தியம் அளவு 0.7 (லிட்டருக்கு மில்லிமோல்) வந்தது, நேற்று வந்த ரிப்போர்ட்டில் 1.1. கை லேசாக நடுங்கும், அது ஆரம்பத்திலிருந்தே உள்ளதுதான். வாந்தி, பேதி, தள்ளாட்டம் இல்லை. டாக்டரைப் பார்ப்பது அடுத்த வாரம்.

1. மாத்திரை அதேதான் என்றால் அளவு எப்படி ஏறும்? அதுவரை நாங்களே ஒரு மாத்திரையைக் குறைக்கலாமா?

2. மேனியா முற்றிய பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. முன்கூட்டியே பிடிக்க என்ன வழி? மூட் சார்ட் (தினமும் மனநிலையைக் குறிக்கும் தாள்) கொடுத்தார்கள், பத்து நாளுக்கு மேல் அவனால் எழுத முடியவில்லை.

3. மேலே ஏறும் நேரத்தில் என்ன சொன்னாலும் "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் பிரச்சனை" என்பான். அந்த நேரத்தில் எப்படிப் பேசுவது?

---

பன்னிரண்டு மணி:

முதலில் அவசரமா இல்லையா என்று பார்த்துவிடலாம். எண்ணை விட ஆள் முக்கியம். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை வைப்பார்கள், மேனியா உச்சத்தில் இருக்கும்போது 1.0 வரைகூட ஏற்றுவதுண்டு. 1.5-ஐத் தாண்டினால் நச்சு எல்லை. ஆனால் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அதற்குக் கீழேயே நச்சுக்குறி வந்துவிடும். அதனால் 1.1 என்பதால் பதறவும் வேண்டாம், 1.5 வரவில்லையே என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: கை பெரிதாக உதறுவது, நாக்குக் குழறுவது, நடக்கும்போது கால் அகட்டி வைப்பது, வாந்தி பேதி, பகலில் அரைத்தூக்கம், தசை துள்ளுவது. வழக்கமான மெல்லிய நடுக்கமா, புதிதாகக் கூடியதா என்று சந்தேகம் வந்தால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதச் சொல்லி, போன மாதம் எழுதியதோடு வைத்துப் பாருங்கள். டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். நீர் சற்றே அதிர்ந்தால் பழைய நடுக்கம், விளிம்பைத் தாண்டித் தெறித்தால் புதியது. மேலே சொன்ன குறிகளில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.

அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் டோஸில் கை வைக்காதீர்கள். கணக்கு எளிது. ரத்த அளவு டோஸுக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் நகரும். 1.1 என்பது தவறான எண்ணாக இருந்து, உண்மை அளவு 0.7 என்று வையுங்கள். 900-ஐ 600 ஆக்கினால் சில நாளில் 0.47-க்கு வந்து நிற்கும். அங்கே பாதுகாப்பு மெலிந்துவிடும். ஆனால் இந்த 1.1-ஐ இன்றைக்கே போனில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

இனி ஏன் ஏறியது என்பது. இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்:

எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், அன்று காலை மாத்திரை போட்டது அதற்கு முன்பா பின்பா? கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 0.6, 0.8 என்ற எல்லைகளெல்லாம் 12 மணி நேர ரத்தத்தை வைத்து வகுத்தவை. சாதா லித்தியம் மாத்திரை உள்ளே போன ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் உச்சத்தைத்தான் அளப்பீர்கள்.

வலி மாத்திரை ஏதாவது? ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் போன்றவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை? எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாமே ஏற்றிவிடும்.

உப்பைக் குறைத்தாரா? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெயிலில் கடும் வியர்வை? சிறுநீரகத்துக்கு லித்தியத்தையும் சோடியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடலில் சோடியம் குறைந்தால் அது சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியமும் உள்ளே தங்கிவிடும். (1949-ல் அமெரிக்காவில் உப்பு தவிர்க்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். சிலர் இறந்துபோகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதே ஆண்டுதான் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், மேனியாவை லித்தியம் அடக்குகிறது என்று எழுதினார். உலகம் உடனே நம்பாமல் போனதில் வியப்பில்லை.)

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாதது. ரத்தம் பிடித்த குழாயின் மூடி என்ன நிறம்? பச்சை மூடிக் குழாய்களில் ஒரு வகையில் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருக்கும். அதில் பிடித்தால் குழாயிலுள்ள லித்தியத்தையும் சேர்த்து மெஷின் எண்ணிவிடும். ஆள் நன்றாக இருப்பார், எண் மட்டும் எகிறும்.

---

கூழாங்கல்:

நன்றி. டாக்டருக்குப் போன் போட்டாயிற்று. நீங்கள் கேட்டதற்குப் பதில்: முந்தின இரவு மாத்திரை 9:30-க்கு. காலை மாத்திரை 7 மணிக்கு. ரத்தம் எடுத்தது 8:30. அதோடு பல் வலிக்கு ஐபுப்ரோஃபென் 400, தினம் மூன்று வேளை, ஐந்து நாள். பரிசோதனைக்கு முந்தின நாள்தான் நிறுத்தினான். பல் டாக்டரிடம் லித்தியம் பற்றி யாரும் சொல்லவில்லை. குழாய் நிறம் கவனிக்கவில்லை.

---

பன்னிரண்டு மணி:

அப்படியானால் இரண்டு காரணமும் சேர்ந்திருக்கிறது. 7 மணி மாத்திரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் ரத்தம், அதாவது ஏறக்குறைய உச்சத்தில். அதன் மேல் ஐந்து நாள் ஐபுப்ரோஃபென். எது எவ்வளவு ஏற்றியது என்று இந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது, திரும்ப எடுத்தால்தான் தெரியும்.

திரும்ப எடுப்பது இப்படி: இரவு 9:30-க்கு மாத்திரை, மறுநாள் காலை மாத்திரையைப் போடாமல் 9:30-க்கு ரத்தம், ரத்தம் கொடுத்த பிறகு காலை மாத்திரை. அரை மணி முன்பின் ஆனால் பரவாயில்லை, மணி நேரக் கணக்கில் தள்ளிப்போகக் கூடாது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் "கடைசி மாத்திரை இரவு 9:30" என்று பேனாவால் எழுதி வையுங்கள். வலி மாத்திரை நிறுத்தியபின் அளவு பழைய நிலைக்கு வந்து நிலைக்க ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். அதற்கு முன்பே ஒருமுறை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் பாருங்கள், ஆனால் நிலைத்த எண் வேண்டுமென்றால் அந்த ஏழு நாள் கழியட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பல் வலி திரும்பினால் பாராசிட்டமால். அது லித்தியத்தோடு சண்டைக்குப் போகாது.

எல்லாம் சீராக இருக்கும் ஆண்டுகளில் லித்தியம் அளவு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கால்சியத்தை மறந்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். லித்தியம் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றுவதுண்டு. தைராய்டு மந்தமானால் வரும் சோர்வையும் எடை கூடுவதையும் டிப்ரெஷன் என்று நினைத்து வேறு மாத்திரை சேர்த்துவிடும் அபாயமும் இருக்கிறது.

---

விடிகாலை வெளுப்பு:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூட் சார்ட் பத்தாம் நாள் நிற்பதற்குத் தம்பி காரணமில்லை, அந்தத் தாள்தான் காரணம். பதினைந்து கட்டம் இருக்கும் தாளை யாரும் நிரப்பமாட்டார்கள். மூன்று எண் போதும்: தூங்கிய நேரம், எழுந்த நேரம், உடலின் வேகம். வேகத்துக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை, பூஜ்யம் என்றால் வழக்கம்போல. "மனநிலை எப்படி" என்று கேட்காதீர்கள். ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மனநிலை எப்போதும் "சூப்பர்"தான். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்" என்பதில் அவ்வளவு கருத்து வேறுபாடு வராது.

தூக்கத்தில் ஒரு நுணுக்கம். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் களைத்துக் கிடப்பது ஒன்று. நாலு மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்து அலமாரியைத் துடைப்பது வேறொன்று. முதலாவது கவலையிலும் டிப்ரெஷனிலும் வரும். இரண்டாவதில் தூக்கத்தின் *தேவையே* குறைந்துவிட்டது. மேனியாவின் வாசல் அது. அடுத்தடுத்து இரண்டு இரவு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் குறைந்து, பகலில் களைப்பும் இல்லை என்றால் மூன்றாவது இரவுக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இலக்கணப்படி மேனியா என்று பெயர் வைக்க ஒரு வாரம் நீடிக்க வேண்டும், ஹைப்போமேனியாவுக்கு (மேனியாவின் மிதமான வடிவம்) நான்கு நாள். அது பெயர் வைப்பதற்கான கணக்கு. நீங்கள் அந்த நாலு நாளும் உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை.

அடுத்தது, அவருக்கே உரிய முன்குறிகள். பொதுப் பட்டியல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், அது அவ்வளவாக உதவாது. அவர் தெளிவாக இருக்கும்போது, அவர் சம்மதத்தோடு, முந்தைய இரண்டு மூன்று எபிசோடுகளை (நோய் வந்த காலங்களை) எடுத்து மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வாரம் நடங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், போனே சாட்சி சொல்லும்: இரவு ஒரு மணிக்கு மேல் அனுப்பிய மெசேஜ்கள் எந்தத் தேதியில் தொடங்கின, பழைய நண்பர்களை எந்த நாளில் வரிசையாகக் கூப்பிட்டார், ஆன்லைன் ஆர்டர்கள் எப்போது இரண்டு மூன்றாகப் பெருகின, போட்டோக்கள் திடீரென ஒரே நாளில் இருநூறு ஆனது என்றைக்கு. ஒவ்வொரு எபிசோடிலும் ஏறக்குறைய அதே வரிசையில் அதே ஐந்தாறு விஷயம் வருவதைப் பார்ப்பீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் மிகச் சின்ன விஷயமாக இருக்கும். நீங்கள் பேசி முடிக்கும் முன்பே பதில் வந்து விழுவது மாதிரி. கீழே இறங்குவதற்கும் இதேபோல ஒரு பட்டியல் போடுங்கள்: எடுக்காத அழைப்புகள், பத்து பதினோரு மணி நேரத் தூக்கம், குளிப்பது தள்ளிப்போவது, எடுத்த முடிவை மூன்று முறை மாற்றுவது.

முன்குறி தெரிந்தால் முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியது:

இரவு எட்டுக்கு மேல் திரை இல்லை, விளக்கு மங்கல். பத்து மணிக்கு இருட்டறையில் படுக்கை, தூக்கம் வராவிட்டாலும் இருட்டிலேயே இருப்பது. காபி, டீ, எனர்ஜி டிரிங்க் நிறுத்தம். விருந்தாளி, பயணம், புதுத்திட்டம் எல்லாம் தள்ளிவைப்பு. ஆம்பர் நிறக் கண்ணாடியும் உதவும்: 2016-ல் வெளியான நார்வே ஆய்வொன்றில் மேனியாவில் இருந்தவர்கள் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டார்கள். ஒரு வாரத்திலேயே, சாதாக் கண்ணாடி போட்டவர்களைவிட வேகமாக மேனியா தணிந்தது. சிறிய ஆய்வு, மாத்திரையோடு *சேர்த்துத்தான்* செய்தார்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

முக்கியமாக, "முன்குறி வந்தால் குவெட்டியாபினை எவ்வளவுக்கு, எத்தனை நாளைக்கு ஏற்றலாம்" என்பதை இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அந்தக் கேள்வியோடு யாரையும் தேடி ஓட வேண்டியிருக்காது.

நோயில்லாத நாட்களுக்கு ஒரே ஒரு விதி: எழும் நேரம். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். விடுமுறை நாளிலும் முன்பின் அரை மணிக்கு மேல் நகரக் கூடாது. இரவுப்பணி, நேர மண்டலம் தாண்டும் பயணம், பரீட்சைக்குக் கண்விழிப்பது மூன்றும் ஆபத்து. மருந்துகளில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும், மூட் ஸ்டெபிலைசர் (லித்தியம் மாதிரி மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து) துணையில்லாமல் தனியாகக் கொடுக்கும் டிப்ரெஷன் மாத்திரையும் மேலே தூக்கிவிடலாம். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ போகும் இடத்திலும் பைபோலார் என்று சொல்லிவிட வேண்டும்.

---

வாசற்படி:

மூன்றாவது கேள்வி. அந்த நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்ய முடியாது. நன்றாக இருக்கும் மாதத்தில் அவர் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுத வைக்க வேண்டும். "என் முன்குறிகள் இவை. இவற்றில் மூன்று தெரிந்தால் இந்த இரண்டு பேர் என்னிடம் சொல்லலாம். சொன்னால் நான் டாக்டரிடம் போனில் பேசுவேன். மருத்துவமனை தேவைப்பட்டால் இன்னது, இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை, இவரிடம் சொல்ல வேண்டாம்." அந்த இரண்டு பேரை *அவர்தான்* தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் நீங்கள் இல்லாமலும் போகலாம். வருத்தப்படாதீர்கள்.

பணம் பற்றியும் அதிலேயே: அன்றாடப் பரிமாற்ற வரம்பை வங்கியில் அவரே குறைத்து வைப்பது, ஒரு தொகைக்கு மேல் எதுவும் வாங்க 48 மணி நேரம் பொறுப்பது, முன்குறி வந்தால் கிரெடிட் கார்டும் வண்டிச் சாவியும் யாரிடம் போகும் என்பது. அவர் எழுதியதை நீங்கள் நினைவூட்டுவது வேறு, நீங்களாகப் பிடுங்குவது வேறு.

பேச்சில் தவிர்க்க வேண்டிய முதல் வாக்கியம் "மாத்திரை போட்டியா?" சிரித்தாலும் அதே கேள்வி, கோபப்பட்டாலும் அதே கேள்வி என்றால் அவருடைய எல்லா உணர்ச்சிக்கும் நோய் என்று பெயர் வைத்தாயிற்று. நியாயமான கோபமும் சாதாரண சந்தோஷமும் அவருக்கும் உண்டு. பார்த்ததை மட்டும், எண்ணோடு சொல்லுங்கள்: "மூணு நாளா நாலு மணி நேரம்தான் தூங்கிருக்க. நீ எழுதின பேப்பர்ல இது முதல் வரி. இன்னைக்கு டாக்டருக்குப் பேசலாமா?" "நீ ஓவரா போற" என்பதில் சண்டைக்கு இடமிருக்கிறது, நாலு மணி நேரத்தில் அவ்வளவாக இல்லை.

ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால் வாதம் வேண்டாம். பெரிய திட்டங்களைத் தப்பென்று நிரூபிக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "அதை அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்கலாம், இப்ப படுக்கலாம்." ஒருவர் மட்டும் பேசட்டும், நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, சின்னச் சின்ன வாக்கியமாக. நோய் இருப்பதே தெரியாமல் போவது மேனியாவின் ஒரு பகுதி. பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் கோபம் மிச்சம்.

பேச்சை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய கட்டம்: அறவே தூங்காத இரண்டு இரவு, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதி, அடிதடி, சாவு பற்றிய பேச்சு.

மேனியா அடங்கியபின் வீடே பெருமூச்சு விடும். அந்த வாரங்களில்தான் கண் திறந்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களிலும், வேகமும் துக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கும் கலப்பு நிலையிலும் தற்கொலை ஆபத்து கூடுதல். நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். லித்தியம் அளவுக்கு மீறினால் ஆபத்தான மருந்து என்பதால் அப்படிப்பட்ட காலங்களில் வீட்டில் ஒரு வார மாத்திரைக்கு மேல் வைக்க வேண்டாம், அதையும் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

---

பன்னிரண்டு மணி:

வாசற்படி சொன்னதோடு ஒன்று. "ஒரு வருஷமா நல்லாத்தானே இருக்கான்" என்று லித்தியத்தைத் திடீரென நிறுத்தும் வீடுகள் உண்டு. திடீரென நிறுத்தினால் மேனியா சீக்கிரமே திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால்கூட டாக்டர் மேற்பார்வையில் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாக. நச்சுக்குறி வந்து நிறுத்துவது மட்டும் விதிவிலக்கு.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு, மற்ற மருந்துகளில் அடிக்கடி தவறும் இடங்கள்: பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினை 25 மி.கி. இரண்டு வாரம், 50 இரண்டு வாரம் என்று மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். வால்ப்ரோயேட் (இதுவும் ஒரு மூட் ஸ்டெபிலைசர்) கூட இருந்தால் அதிலும் பாதி வேகம், ஏனென்றால் அது லாமோட்ரிஜின் அளவை இரட்டிப்பாக்கும். அவசரப்பட்டால் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரலாம். தடிப்பு கண்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே காட்ட வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய டோஸில் திரும்பத் தொடங்கக் கூடாது, டாக்டரைக் கேட்டு மறுபடி 25-லிருந்துதான். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைக் கூடியவரை தவிர்ப்பார்கள். கருவிலேயே பிறவிக் குறை பத்தில் ஒன்று என்ற அளவில் வரும், அதற்கு மேல் பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படும். ஏற்கெனவே எடுப்பவர்கள் தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் பேசவும்.

---

கூழாங்கல்:

ஏழாம் நாள், 12 மணி நேரம் கழித்து எடுத்தது: 0.74. கிரியாட்டினின் மாறவில்லை. டாக்டர் டோஸ் அப்படியே இருக்கட்டும் என்றார். தாளில் மூன்று எண் எழுத ஒத்துக்கொண்டிருக்கிறான், "வேகம்" என்பதை "கியர்" என்று மாற்றிக்கொண்டான். கடைசியாக ஒன்று: இரவு மாத்திரையை மறந்து காலையில் ஞாபகம் வந்தால்?

---

பன்னிரண்டு மணி:

கியர் நல்ல பெயர்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுவிடலாம். காலையில்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டது விட்டதுதான், காலை 300 மட்டும். இரண்டையும் சேர்த்து 900 போடவே கூடாது. அந்த வாரம் ரத்தப் பரிசோதனை இருந்தால் தள்ளிப்போடுங்கள், மறந்த வேளைக்குப் பிறகு எடுத்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும். கிழமை போட்ட மாத்திரைப்பெட்டி ஒன்று வாங்கிவிட்டால், போட்டோமா இல்லையா என்று காலையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.